வி.பி.என். போட்டதும் வீட்டு இன்டர்நெட் நிற்கிறதா? வீட்டிலிருந்து வேலை செய்வோர் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டிலிருந்தபடியே கொழும்புக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் வேலை செய்கிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கல்லடியில் ஒருவர் கணக்கு எழுதுகிறார், காத்தான்குடியில் ஒருவர் சொஃப்ட்வேர் சோதிக்கிறார், கல்முனையில் ஒருவர் இரவிரவாக கோல் எடுக்கிறார். கம்பனி வி.பி.என்.னை (வீட்டு லப்டொப்பை ஒபிஸ் நெட்வேர்க்கோடு இரகசிய வழியால் இணைக்கும் மென்பொருள்) இணைத்தவுடன் வீட்டு இன்டர்நெட் நின்றுவிடுகிறது என்பதுதான் இவர்கள் எல்லோருக்கும் பொதுவான தலையிடி. வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

வி.பி.என். போட்டவுடன் யூரியூப் ஓடவில்லை, வங்கிப் பக்கம் திறக்கவில்லை. லைன் போய்விட்டதா?

இல்லை. வி.பி.என். இணைந்த நிலையில் இருக்கிறது என்றாலே உங்கள் லைன் வேலை செய்கிறது என்றுதான் பொருள். லைன் இல்லாமல் வி.பி.என். இணையாது. மாறியிருப்பது பாதை மட்டும்தான்.

வி.பி.என். இணையும்போது உங்கள் லப்டொப்புக்குள் இன்னொரு நெட்வேர்க் கார்டு முளைத்ததைப் போன்ற நிலை உருவாகிறது. உண்மையில் அப்படி ஒரு கார்டு கிடையாது, எல்லாம் சொஃப்ட்வேர்தான். பெரும்பாலான கம்பனிகள் 'வெளியே போகிற எல்லாமே இந்தப் புதிய கார்டு வழியாகத்தான் போக வேண்டும்' என்று வைத்திருக்கும். நீங்கள் யூரியூப்பைத் திறந்தாலும் அது முதலில் லண்டன் ஒபிசுக்குப் போய், அங்கிருந்து வெளியே போய், பதில் திரும்ப லண்டன் வழியாகவே உங்களிடம் வரும். கல்லடியிலிருந்து மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் போகிறவர் பாலத்தைக் கடக்காமல் கொழும்பைச் சுற்றிக்கொண்டு போவதைப் போல. ஒபிஸ் பயர்வோல் யூரியூப்பைத் தடுத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். தடுக்காவிட்டால் ஆமை வேகத்தில் வரும்.

வேகம் குறைவதற்குத் தூரமும் ஒரு காரணம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் போகும். இலங்கையிலிருந்து லண்டன் நேர்கோட்டிலேயே 8,500 கிலோமீற்றருக்கு மேல். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை. போய்வர 100 மில்லிசெக்கனுக்குக் குறையவே குறையாது. எந்தப் பக்கேஜுக்கு மாறினாலும் இது மாறாது.

2019இல் பேஸ்புக்கை நிறுத்தியபோது போனில் போட்டோமே ஒரு வி.பி.என்., அதுவும் இதுவும் ஒன்றா?

நுட்பம் ஒன்று, நோக்கம் வேறு. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் தொடக்கத்திலும் நாட்டில் சமூக வலைத்தளங்கள் தடுக்கப்பட்டன. வி.பி.என். என்ற பெயர் நம்மூரில் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். அந்தச் செயலிகள் உங்களை வேறு நாட்டு வாசலால் இன்டர்நெட்டுக்கு வெளியே விடுகிறவை. கம்பனி வி.பி.என். அதற்கு நேர்மாறு. அது உங்களைக் கம்பனிக்கு உள்ளே எடுக்கிறது. உள்ளே போனதும் வெளி வாசலையும் மூடிவிடுவதா இல்லையா என்பது கம்பனியின் முடிவு.

அந்தக் காலத்து இலவச வி.பி.என். செயலி ஏதாவது இன்னும் போனிலோ லப்டொப்பிலோ கிடந்தால் கழற்றிவிடுங்கள். இரண்டு வி.பி.என். ஒரே நேரத்தில் பாதையைப் பிடிக்கப் போட்டி போட்டால் எது வெல்லும் என்று சொல்ல முடியாது.

என் வி.பி.என். எல்லாவற்றையும் இழுக்கிறதா, ஒபிஸ் வேலையை மட்டும் இழுக்கிறதா? எப்படிப் பார்ப்பது?

சுலபமான வழி: வி.பி.என். இல்லாமல் 'என் ஐ.பி. முகவரி என்ன' என்று கூகிளில் தேடி, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வி.பி.என். போட்டு மறுபடி தேடுங்கள். எண் மாறினால் எல்லாம் ஒபிஸ் வழியாகப் போகிறது. மாறாவிட்டால் ஒபிஸ் வேலை மட்டும்தான் டனலுக்குள், அதாவது வி.பி.என். பாதைக்குள், போகிறது. இதற்குத்தான் ஸ்பிளிட் டனல் என்று பெயர்.

இன்னும் உள்ளே பார்க்க விரும்புகிறவர்கள் விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் 'ரூட் பிரின்ட்' (route print) கட்டளையைக் கொடுக்கலாம். நீளமான பட்டியல் வரும், பயப்பட வேண்டாம். 0.0.0.0 என்று தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள். 'வேறெந்த வழியும் சொல்லப்படாத எல்லாம் இந்தப் பக்கம் போ' என்பது அந்த வரிக்கு அர்த்தம். வி.பி.என். இல்லாத நேரம் அப்படி ஒரே வரிதான் இருக்கும், அதில் உங்கள் ரவுட்டரின் முகவரி, அநேகமாக 192.168.1.1, இருக்கும். வி.பி.என். போட்ட பிறகு அதே மாதிரி இரண்டாவது வரி வந்து, அதன் கடைசியில் உள்ள மெட்ரிக் எண் சிறியதாக இருந்தால் புதியவர்தான் இனி முதலாளி. மெட்ரிக் சிறியது வெல்லும்.

ஓபன்வி.பி.என். என்ற மென்பொருள் இதை வேறு மாதிரிச் செய்யும். பழைய வரியைத் தொடாமல், 0.0.0.0 என்றும் 128.0.0.0 என்றும், 128.0.0.0 என்ற மாஸ்க்கோடு (ஒரு வரி எவ்வளவு முகவரிகளைப் பிடிக்கிறது என்று சொல்லும் எண்) இரண்டு வரிகளைச் சேர்க்கும். முழு இன்டர்நெட்டையும் இரண்டு பாதியாக வெட்டி இரண்டையும் தன் பக்கம் எழுதிக்கொள்கிறது. பாதை தேடும்போது அதிகம் குறிப்பான வரிக்கே முதலிடம் என்பது விதி, அதனால் பழைய வரி இருந்தும் இல்லாததாகிவிடும். துண்டித்தவுடன் இந்த இரண்டும் அழிந்து பழையது தானாக உயிர் பெறும். எழுதியவன் கெட்டிக்காரன்தான்.

10.20.0.0 போல ஒபிஸ் முகவரிகள் மட்டும் வி.பி.என். பக்கம் காட்டப்பட்டு, 0.0.0.0 வரி உங்கள் ரவுட்டரிலேயே இருந்தால் நீங்கள் ஏற்கெனவே ஸ்பிளிட் டனலில்தான் இருக்கிறீர்கள். அப்படியும் இன்டர்நெட் இல்லை என்றால் கீழே டி.என்.எஸ். (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) பற்றிய பதிலுக்குப் போங்கள்.

சொந்த லப்டொப்பில் விண்டோஸின் வி.பி.என்.னைத்தான் பாவிக்கிறேன். எங்கே மாற்றுவது?

முதலில் ஒன்று: லப்டொப் உங்களுடையது என்றாலும் நெட்வேர்க் கம்பனியுடையது. ஐ.ரி. பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டு, 'சரி' என்று எழுத்தில் வாங்கிய பிறகு செய்யுங்கள்.

கொன்ட்ரோல் பனலில் நெட்வேர்க் கனெக்ஷன்ஸைத் திறந்து, உங்கள் வி.பி.என். மீது வலது கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸ் போங்கள். நெட்வேர்க்கிங் தாவலில் ஐ.பி.வி.4ஐத் தெரிவுசெய்து மறுபடி புரொப்பர்ட்டீஸ், அதற்குள் அட்வான்ஸ்ட். அங்கே 'யூஸ் டிஃபோல்ட் கேட்வே ஒன் ரிமோட் நெட்வேர்க்' என்று ஒரு பெட்டி சரி போட்டபடி இருக்கும். சரியை எடுத்துவிட்டு, வி.பி.என்.னைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். வீட்டு இன்டர்நெட் வந்துவிடும்.

இத்தோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் அடுத்த நாள் காலையில் ஒரு ஒபிஸ் சேவர் திறக்கவில்லை என்று வருவார்கள். காரணம் இதுதான். பெட்டியை எடுத்தபின் விண்டோஸ் தானாக ஒரே ஒரு பாதையைத்தான் ஊகித்துப் போடும். உங்களுக்கு 10இல் தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால் 10இல் தொடங்கும் எல்லாவற்றையும் ஒபிசுக்கு அனுப்பும். ஆனால் கம்பனியின் கணக்கு சேவர் 172.16இல் இருந்தால்? அது விண்டோஸுக்குத் தெரியாது, வீட்டு ரவுட்டருக்கு அனுப்பிவிடும். ரவுட்டர் என்ன செய்யும் பாவம். ஆகவே ஐ.ரி. பிரிவிடம் 'எந்தெந்த முகவரித் தொகுதிகள் ஒபிசுக்கு உரியவை' என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் அந்த வி.பி.என்.னுக்கு ஒவ்வொன்றாகப் பாதை சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறை இணையும்போதும் தானாக வரும்.

மக் பாவிக்கிறவர்களுக்கு, எல்2ரிபி வகை இணைப்பில் 'எல்லாப் போக்குவரத்தையும் வி.பி.என். வழியாக அனுப்பு' என்ற பெட்டி இருக்கும், அதே கதைதான். வயர்கார்டு என்ற வி.பி.என். வகையில் 'அலவுட் ஐ.பி.ஸ்' வரியில் 0.0.0.0/0க்குப் பதில் ஒபிஸ் தொகுதிகளை மட்டும் எழுதினால் போதும். எல்லாவற்றிலும் வயர்கார்டுதான் எனக்குப் பிடித்தது. ஒளிவு மறைவு கிடையாது, ஒரு வரியில் விஷயம் முடியும்.

கம்பனி கொடுத்த லப்டொப். எந்தப் பெட்டியும் மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பூட்டை உடைப்பது அந்த வழி அல்ல. பாதைப் பட்டியலைக் கையால் மாற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு. நல்ல வி.பி.என். மென்பொருள் அதைக் கண்காணித்து, மாற்றிய வரியைத் திரும்பவும் பழையபடி எழுதும், அல்லது இணைப்பையே வெட்டும். ஐ.ரி. பிரிவின் பதிவேட்டில் உங்கள் பெயரும் விழும். யூரியூப்புக்காக வேலையை அடகு வைக்க வேண்டுமா?

எளிய வழி கண்முன்னால் இருக்கிறது. அந்த லப்டொப்பில் வேலை மட்டும். மற்றதெல்லாம் போனிலோ, பழைய லப்டொப்பிலோ. வி.பி.என். ஒரு கருவிக்குள்தான் இருக்கிறது, வீட்டு வைஃபையைப் பிடிப்பதில்லை. வீட்டில் மற்ற எல்லோருக்கும் இன்டர்நெட் வழமைபோல் ஓடும்.

அப்படியும் வேலைக்கே தடையாக இருந்தால், உதாரணமாக ரீம்ஸ் மீட்டிங்கில் குரல் வெட்டி வெட்டிப் போனால், அதைக் காரணமாகக் காட்டிக் கேளுங்கள். 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது, ரீம்ஸ் போன்றவற்றின் குரல், வீடியோப் போக்குவரத்தை வி.பி.என்.னுக்குள் இழுக்காமல் நேரடியாக வெளியே விடும்படி மைக்ரோசொஃப்டே நிறுவனங்களுக்குச் சொன்னது. அது ஏற்கெனவே மறைகுறியாக்கப்பட்டுத்தான் போகிறது என்பது அவர்களின் நியாயம். 'நெட் ஸ்லோ' என்று எழுதினால் ஐ.ரி. பிரிவு 'உங்கள் வீட்டு லைனைப் பாருங்கள்' என்று பதில் போட்டு முடித்துவிடும். வி.பி.என். இல்லாமல் இத்தனை மில்லிசெக்கன், வி.பி.என். போட்டால் இத்தனை என்று எண்ணோடு எழுதினால் யாராவது பார்ப்பார்கள்.

ஐ.ரி. பிரிவு ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது?

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஸ்பிளிட் டனலில் உங்கள் லப்டொப் ஒரே நேரத்தில் இரண்டு நெட்வேர்க்கில் நிற்கிறது. தீங்கு செய்யும் மென்பொருள் ஒன்று வீட்டுப் பக்கத்தால் ஏறினால் ஒபிஸ் பக்கத்துக்குப் போக வழி திறந்திருக்கும். ஒபிஸ் பயர்வோலுக்கு அது தெரியவும் தெரியாது. வங்கி, மருத்துவம், வெளிநாட்டு வாடிக்கையாளர் தரவு என்று கையாளும் கம்பனிகளில் ஒப்பந்தமே இதைத் தடுக்கும். சாதாரண வேலைகளில் இவ்வளவு இறுக்கம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் முடிவு எடுப்பது நான் இல்லையே.

எல்லாம் ஒபிஸ் வழியாகப் போனால் நான் பார்ப்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியுமா?

எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா என்பது தெரியும். பக்கத்தின் உள்ளடக்கம் பூட்டுப் போட்ட தளங்களில் (https என்று தொடங்குபவை) பொதுவாகத் தெரியாது. ஆனால் கம்பனி லப்டொப்பில் கம்பனியே தன் சான்றிதழை ஏற்றி வைத்திருந்தால் அந்தப் பூட்டையும் நடுவில் திறந்து பார்க்கலாம், பல கம்பனிகள் அப்படித்தான் செய்கின்றன. வி.பி.என். போட்டபடி சொந்த வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். போதாக்குறைக்கு வங்கியும் 'இவர் என்ன திடீரென்று லண்டனிலிருந்து வருகிறார்' என்று சந்தேகப்பட்டுக் கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டிவிடலாம்.

ஸ்பிளிட் டனல் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் சில தளங்கள் திறக்கவில்லை, சிலது ஆமை வேகம். ஏன்?

பத்தில் எட்டு முறை காரணம் டி.என்.எஸ்.தான். பாதை சரி, ஆனால் பெயரை எண்ணாக மாற்றித் தருகிறவர் இன்னும் ஒபிசில் இருக்கிறார்.

சோதித்துப் பாருங்கள். கட்டளைச் சாளரத்தில் 8.8.8.8 என்ற கூகிள் முகவரியை பிங் செய்தால் (தட்டிப் பார்த்தால்) பதில் வருகிறது, ஆனால் தளத்தின் பெயரைப் போட்டால் வரவில்லை என்றால் டி.என்.எஸ். பிரச்சினைதான். வி.பி.என். இணையும்போது ஒபிஸ் டி.என்.எஸ். சேவர் உங்கள் லப்டொப்பில் முன்னுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது வெளித் தளங்களின் பெயருக்குப் பதில் சொல்ல மறுத்தால் எதுவும் திறக்காது.

பதில் சொன்னாலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. பெரிய வீடியோத் தளங்கள் ஒரே உள்ளடக்கத்தை உலகெங்கும் பல சேவர்களில் வைத்திருக்கின்றன. கேட்கிற டி.என்.எஸ். எங்கே இருக்கிறதோ அதற்குக் கிட்டவுள்ள சேவரின் முகவரியைக் கொடுப்பது வழக்கம். கேட்டது லண்டன் டி.என்.எஸ். என்றால் லண்டனுக்குக் கிட்டவுள்ள சேவரைக் காட்டும். நீங்கள் ஏறாவூரில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு பிரதி இருக்க, லண்டன் பிரதியை இழுத்துக்கொண்டிருப்பீர்கள். பாதை நேராக இருந்தும் வேகம் வராததன் மர்மம் இதுதான்.

தீர்வு ஐ.ரி. பிரிவிடம்தான் இருக்கிறது. கம்பனியின் உள்பெயரில் முடிகிறவற்றை மட்டும் ஒபிஸ் டி.என்.எஸ்.இடம் கேள், மற்றதை வீட்டு டி.என்.எஸ்.இடம் கேள் என்று விண்டோஸில் விதி எழுதலாம். 'ஸ்பிளிட் டி.என்.எஸ்.' என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும்.

இதற்கு எதிர்மாறான கேஸும் வரும்: வெளித் தளம் எல்லாம் திறக்கிறது, ஒபிஸ் உள்தளம் மட்டும் 'இல்லை' என்கிறது. குரோமின் அமைப்புகளில் 'யூஸ் செக்கியூர் டி.என்.எஸ்.' ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசர் விண்டோஸைக் கேட்காமல் தானாக வெளியே போய்க் கேட்டால், ஒபிசின் உள்பெயர் வெளியே யாருக்குத் தெரியும்? அதை நிறுத்தினால் சரி.

வி.பி.என். பச்சை விளக்குக் காட்டுகிறது. ஒபிஸ் பைல் சேவர் மட்டும் திறக்கவே இல்லை. கம்பனியில் மற்ற எல்லோருக்கும் வேலை செய்கிறது.

உங்கள் வீட்டு நெட்வேர்க்கின் முகவரித் தொகுதியும் ஒபிசின் முகவரித் தொகுதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.1 என்ற தொகுதியோடுதான் கடையிலிருந்து வருகின்றன. சிறிய கம்பனி ஒன்றும் அதே தொகுதியில் தன் சேவரை வைத்திருந்தால், 192.168.1.10 என்பது ஒபிஸ் சேவரா, உங்கள் அறையில் இருக்கும் பிரின்டரா? லப்டொப்பைப் பொறுத்தவரை வீட்டில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பதே முதலில். அது பிரின்டரைப் போய்த் தட்டிவிட்டு, பைல் சேவர் இல்லை என்று வந்து சொல்லும்.

காத்தான்குடியில் ஒரு வீட்டில் இதையே பார்த்தேன். வி.பி.என். போட்டு ஒபிஸ் சேவரின் முகவரியை பிரவுசரில் அடித்தால் 'மை அளவு குறைவு' என்று பிரின்டரின் பக்கம் வருகிறது. அந்தத் தம்பி கம்பனியை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டி, மனேஜருக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார்.

கம்பனியைக் கேட்டு மாற்றுவதைவிட வீட்டை மாற்றுவது சுலபம். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், லான் அமைப்பில் 192.168.1.1 என்பதை 192.168.77.1 என்று மாற்றிச் சேமியுங்கள். டி.எச்.சி.பி. (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் அமைப்பு) தொகுதியும் 77க்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள், சில ரவுட்டர்களில் அது தனியாக மாற்ற வேண்டும். ரவுட்டர் மறுபடி எழும்பியதும் எல்லாக் கருவிகளையும் ஒருமுறை துண்டித்து இணையுங்கள். கையால் முகவரி கொடுத்து வைத்த பிரின்டர், சி.சி.ரி.வி. பெட்டி போன்றவை காணாமல் போகும், அவற்றுக்கு 77இல் புது முகவரி கொடுக்க வேண்டும். 77க்குப் பதில் 254 வரை எந்த எண்ணையும் போடலாம், 0, 1, 8, 100 மட்டும் வேண்டாம், ஊரில் பாதி ரவுட்டர் அவற்றில்தான் இருக்கிறது.

வி.பி.என். போட்டால் வீட்டு பிரின்டர் அச்சிடுவதில்லை.

உள்வீட்டு நெட்வேர்க்கையும் சேர்த்து மூடிவிட்டார்கள். சிஸ்கோ செயலியில் 'அலவ் லோக்கல் லான் அக்சஸ்' என்றொரு பெட்டி இருக்கும், அதற்குச் சரி போட்டுப் பாருங்கள். ஒபிஸ் பக்கமும் அனுமதித்திருந்தால்தான் வேலை செய்யும். இல்லாவிட்டால் யூ.எஸ்.பி. வயரைச் செருகுங்கள். வயருக்கு வி.பி.என். தெரியாது.

ஸூம், யூரியூப் பக்கேஜ் போட்டிருக்கிறேன். ஆனாலும் பிரதான டேட்டாதான் குறைகிறது. இன்டர்நெட் கம்பனி ஏமாற்றுகிறதா?

ஏமாற்றவில்லை, உங்கள் வி.பி.என். மறைக்கிறது. மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் நம் ஆட்களின் பையில் கை வைக்கிறது, ஆனால் கேட்கிறவர்கள் குறைவு.

குறிப்பிட்ட செயலிக்கான பக்கேஜ் எப்படி வேலை செய்கிறது? உங்கள் டேட்டா எந்தச் சேவரை நோக்கிப் போகிறது என்று சேவை வழங்குநர் பார்க்கிறார். அது ஸூம் சேவர் என்றால் ஸூம் கணக்கில் கழிக்கிறார். வி.பி.என்.னுக்குள் போனால் அவருக்குத் தெரிவது லண்டனில் ஒரே ஒரு முகவரி, அதற்குள் போகும் புரியாத எழுத்துகள். ஸூம்தானா, கணக்கு மென்பொருளா, விண்டோஸ் அப்டேட்டா, அவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாம் பிரதான டேட்டாவில் விழும். நாள் முழுக்க முழு டனலில் மீட்டிங் நடத்துகிறவருக்குச் செயலிப் பக்கேஜ் வாங்குவது வீண் செலவு. ஸ்பிளிட் டனல் கிடைத்து, மீட்டிங் நேரடியாக வெளியே போனால் மட்டும்தான் அது கணக்கில் வரும்.

இரவு டேட்டா அப்படியல்ல. அது நேரத்தைப் பார்த்துக் கழிப்பது, உள்ளே என்ன போகிறது என்று பார்ப்பதில்லை. வி.பி.என். வழியாகப் பெரிய பைல் இழுக்க வேண்டியிருந்தால் அந்த நேரத்துக்கு வையுங்கள்.

வி.பி.என். தன் பங்குக்கும் கொஞ்சம் டேட்டா தின்னும். வயர்கார்டு ஒவ்வொரு பக்கெட்டிலும் (டேட்டா துண்டு துண்டாகப் போகும் சிறு பொதி) ஐ.பி.வி.4இல் 60 பைட் சேர்க்கிறது. 1500 பைட் பக்கெட்டில் அது நூற்றுக்கு நான்கு. சின்னச் சின்னப் பக்கெட்டுகளாகப் போகும் குரல் அழைப்பில் விகிதம் இன்னும் கூடும்.

நான் வி.பி.என். போட்டால் மாமியின் நாடகம் நின்றுவிடுகிறது. 'என்ன மனே செஞ்ச?' என்று கேட்கிறார். வி.பி.என். லப்டொப்புக்குள் மட்டும் என்கிறீர்களே?

லப்டொப்பில்தான். ஆனால் இணைந்ததும் ஒபிஸ் பைல்கள் ஒத்திசைவாகத் தொடங்கி மேலேற்றும் வேகத்தை முழுவதும் விழுங்கினால், ரி.வி. 'எனக்கு அடுத்த துண்டை அனுப்பு' என்று கேட்கும் சின்னச் செய்திகூட வெளியே போக இடமில்லாமல் நிற்கும். பழைய ஏ.டி.எஸ்.எல். லைனில் மேலேற்றும் வேகம் இறக்கும் வேகத்தில் ஒரு சிறு பங்குதான், அங்கே இது கட்டாயம் நடக்கும். வன்டிரைவின் அமைப்பில் மேலேற்றும் வேகத்துக்கு எல்லை போடுங்கள். மாமிக்கும் சமாதானம்.

வி.பி.என்.னை ரவுட்டரிலேயே போட்டிருந்தால் கதை வேறு. அப்போது முழு வீடும் லண்டன் வழியாகத்தான் போகும். ஒபிஸ் வேலைக்கு அப்படிச் செய்யாதீர்கள்.

கூகிள் திறக்கிறது, மின்னஞ்சல் தலைப்புகள் வருகின்றன, ஆனால் இணைப்புப் பைல் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சின்னது போகிறது, பெரியது நிற்கிறது என்றால் எம்.ரி.யூ.வைச் சந்தேகியுங்கள். ஒரு பக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு அது. சாதாரணமாக 1500. பி.பி.பி.ஓ.ஈ. முறையில் இணையும் லைனில் 8 பைட் போய் 1492. அதற்கு மேல் வி.பி.என். தன் உறையைச் சுற்றும்போது பெரிய பக்கெட் வழியில் அடங்காமல் சத்தமில்லாமல் விழுந்துவிடும். வி.பி.என். கார்டின் எம்.ரி.யூ.வை 1400 அல்லது 1300 என்று குறைத்துப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனால் பைல் இறங்கும்.

படுவான்கரையில் இருக்கிறேன், 4ஜி ரவுட்டர்தான். வி.பி.என். இணையவே இணைவதில்லை, அல்லது சும்மா இருந்தால் அறுந்துவிடுகிறது.

மொபைல் நெட்வேர்க்கில் பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளிமுகவரியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் உங்கள் நிலையும் அதுதான். 2025இல் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கிலும் சாதாரண பக்கேஜில் இதே கதை. பி.பி.ரி.பி. போன்ற பழைய வகை வி.பி.என். இதற்குள்ளால் போகத் திணறும். 443 என்ற வாசல் (பூட்டுப் போட்ட தளங்கள் பாவிக்கும் போர்ட்) வழியாகப் போகும் வகை அநேகமாக எங்கேயும் போகும், கம்பனியிடம் அதைக் கேளுங்கள்.

சும்மா இருந்தால் அறுவது இன்னொரு காரணம். பேச்சு இல்லாத இணைப்பை இடையில் உள்ள கருவி மறந்துவிடும். வயர்கார்டில் 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' 25 என்று போட்டால் 25 செக்கனுக்கு ஒருமுறை ஒரு சின்னப் பக்கெட் போய் ஞாபகப்படுத்தும்.

மழைக் காலத்தில் லைன் அடிக்கடி விழுகிறது. போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறினால் வி.பி.என். அறுமா?

வகையைப் பொறுத்தது. வயர்கார்டும் ஐ.கே.ஈ.வி.2உம் முகவரி மாறினாலும் தொடரக்கூடியவை, ஒரு சில செக்கன் தடுமாறிவிட்டு ஓடும். மற்றவை பெரும்பாலும் அறுந்து புதிதாகக் கடவுச்சொல் கேட்கும். மார்கழி அடைமழையில் மீட்டிங் இருந்தால் லைன் விழும்வரை காத்திராமல் முதலிலேயே ஹொட்ஸ்பொட்டில் ஏறிவிடுங்கள். ரவுட்டருக்குச் சின்ன யூ.பி.எஸ். ஒன்று வாங்கி வைப்பதும் நல்லது. கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் எழும்பவே சில நிமிடம் எடுக்கும்.

போனில் வி.பி.என். போட்டு ஹொட்ஸ்பொட் கொடுத்தால் லப்டொப்புக்கும் வி.பி.என். கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அன்ட்ரொய்டிலும் ஐபோனிலும் சாதாரணமாக அப்படிக் கிடைக்காது. லப்டொப்பில் தனியாகப் போட வேண்டும்.

ஒரே லப்டொப்பில் இரண்டு உலகமும் வேண்டும், ஸ்பிளிட் டனலும் தர மாட்டார்கள். என்ன செய்யலாம்?

லப்டொப் உங்களுடையதாக இருந்து, கம்பனியும் சம்மதித்தால், அதற்குள் ஒரு வேர்ச்சுவல் மெஷின் (லப்டொப்புக்குள் சொஃப்ட்வேராக ஓடும் இன்னொரு கணினி) போட்டு வி.பி.என்.னை அதற்குள் மட்டும் இணையுங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸ் முழுவதும் ஒபிஸ், வெளியே இருப்பது முழுவதும் வீடு. விண்டோஸ் 10, 11 புரோ பதிப்புகளில் அதற்கான ஹைப்பர்-வி கூடவே வருகிறது. 8 ஜி.பி. ரம்மில் இரண்டும் இழுபடும், 16 இருந்தால் நிம்மதி. போனில் என்றால் அன்ட்ரொய்டின் வேலைப் பகுதி, அதாவது வேர்க் புரொஃபைல், இதையே செய்கிறது. அதற்குள் போட்ட வி.பி.என். வேலைச் செயலிகளை மட்டும் பிடிக்கும், உங்கள் வட்ஸ்அப்பைத் தொடாது.

பாசிக்குடா ஹோட்டல் வைஃபையில் உட்கார்ந்து வேலை செய்யலாமா? வி.பி.என். இருக்கிறதுதானே?

செய்யலாம், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. 2024 மே மாதம் 'டனல்விஷன்' என்ற பெயரில் ஒரு ஓட்டை வெளியானது. வைஃபை நடத்துகிறவர் முகவரி கொடுக்கும்போதே, டி.எச்.சி.பி.யின் 121ஆம் தெரிவு வழியாக, வி.பி.என். எழுதியதைவிடக் குறிப்பான பாதை வரிகளை உங்கள் லப்டொப்பில் எழுதிவிடலாம். மேலே சொன்ன அதே விதிதான்: குறிப்பான வரி வெல்லும். வி.பி.என். பச்சை விளக்கோடு இருக்க, போக்குவரத்து வெளியால் போகும். அன்ட்ரொய்ட் அந்தத் தெரிவையே கண்டுகொள்வதில்லை, அதனால் அது தப்பியது. வெளியிடங்களில் ஹோட்டல் வைஃபையை விட்டுவிட்டு உங்கள் போன் ஹொட்ஸ்பொட்டைப் பாவியுங்கள். கடற்கரையில் சிக்னல் தாராளம்.